பெர்க்சனின் 'நீடிப்பும் உடனிகழ்வும்': கால விரிவு குறித்த வாதம் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

1922 ஏப்ரல் 6 அன்று பாரிசில், பிரெஞ்சு மெய்யியல் கழகத்தின் அமர்வில் ஐன்ஸ்டைனும் ஆன்ரி பெர்க்சனும் உரையாடினர். மெய்யியலாளருக்கெனத் தனிக் காலம் இல்லை என்பதே ஐன்ஸ்டைன் அளித்த விடையின் சாரம். பெர்க்சனின் 'நீடிப்பும் உடனிகழ்வும்' என்னும் பிரெஞ்சு நூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. இயற்பியல் கூறும் காலத்தை வாழ்ந்துணரும் காலத்தைக் கொண்டு மறுக்க இயலுமா என்பதே அந்நூலை வாசிப்போர் முன் நிற்கும் வினா.

பெர்க்சனின் வாதம்

1911இல் பால் லாஞ்செவன் ஒரு பயணியைக் கற்பனை செய்தார். ஒளிவேகத்தை நெருங்கிச் சென்று மீளும் அவருக்கு இரண்டு ஆண்டுகள் கழிய, புவியில் இருநூறு ஆண்டுகள் கழிந்திருக்கும். பெர்க்சன் இதனை ஏற்கவில்லை. இயக்கம் சார்புடையதாதலின், புவியில் இருப்பவர் பயணியின் கடிகாரம் மெதுவாக ஓடுவதாகக் கணிப்பதுபோலவே பயணியும் புவிக் கடிகாரத்தைக் கணிப்பார். எனவே, மெதுவாகும் காலம் எவராலும் வாழப்படாதது. ஒருவர் மற்றவருக்கு ஏற்றிக் கூறுவது. மீண்டும் சந்திக்கையில் இரு கடிகாரங்களும் ஒன்றையே காட்டும் என்பது அவர் முடிவு. 1923இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பின் மூன்று பின்னிணைப்புகளிலும் அவர் இந்நிலையைக் கைவிடவில்லை.

வாதத்தின் குறை

சீரான வேகத்தில் செல்லும்வரை பெர்க்சன் கூறும் பரிமாற்றம் சரியே. பயணி திரும்பும்போது அது முறிகிறது. 4 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீனுக்கு ஒருவர் ஒளிவேகத்தின் 0.8 மடங்கில் சென்று, உடனே திரும்புவதாகக் கொள்வோம். புவியில் 10 ஆண்டுகள் கழியும். பயணிக்குக் கழிவன 6 ஆண்டுகளே. செல்லும் 3 ஆண்டுகளில் புவிக் கடிகாரம் 1.8 ஆண்டுகளே ஓடியதாகப் பயணி கணிப்பார். திரும்பும் 3 ஆண்டுகளிலும் அவ்வாறே. இரண்டும் சேர்ந்து 3.6 ஆண்டுகள். எஞ்சிய 6.4 ஆண்டுகள் எங்கே? திரும்பும் கணத்தில் பயணியின் சட்டகம் மாறுகிறது. அதனுடன் 'புவியில் இப்போது' என்பதன் பொருளும் 1.8ஆம் ஆண்டிலிருந்து 8.2ஆம் ஆண்டுக்கு மாறுகிறது. புவியில் இருப்பவருக்கு இத்தகைய மாற்றம் நிகழ்வதில்லை. உடனிகழ்வை நூற்பெயரிலேயே தாங்கிய நூல், உடனிகழ்வின் சார்புத்தன்மை விடைதரும் இடத்திலேயே பிழைபடுகிறது.

சோதனைச் சான்றும் இதனையே உறுதிசெய்கிறது. ஓய்வில் மியூவானின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 2.2 மைக்ரோ நொடி. செர்ன் ஆய்வகத்தின் வளையத்தில் ஒளிவேகத்தின் 99.94 விழுக்காட்டில் சுழன்ற மியூவான்களின் வாழ்நாள் ஏறத்தாழ 64 மைக்ரோ நொடி என 1977இல் வெளியான முடிவுகள் காட்டின. மியூவானுக்கு உணர்வில்லை, ஆயினும் அதன் வாழ்நாள் நீள்கிறது. கால விரிவு வெறும் கணிப்பன்று; மீண்டும் மீண்டும் ஒரே இடத்திற்குத் திரும்பி வந்த துகள்களில் அளக்கப்பட்ட வேறுபாடு.

முடிவுரை

பெர்க்சனின் பிழை, அவருடைய மெய்யியல் முழுவதையும் தள்ளுவதற்குக் காரணமாகாது. கடிகாரம் காட்டும் எண்ணுக்கும் காத்திருப்பின் உணர்வுக்கும் அவர் கண்ட வேறுபாடு இன்றும் நிலைக்கிறது. பயணி வாழ்ந்த 6 ஆண்டுகளும் புவியில் வாழ்ந்த 10 ஆண்டுகளும் சமமாகவே மெய்யானவை. வாழ்ந்துணரும் காலமே மெய்க்காலம் என்ற பெர்க்சனின் அளவுகோலைச் சார்பியல் மறுக்கவில்லை. அக்காலம் எல்லோர்க்கும் ஒன்றே என்ற அவர் துணிபையே மறுக்கிறது.