கற்றல் பாணியும் பயிற்றுமொழியும்: செவிலியக் கல்வியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

செவிலியக் கல்வியில் ‘கற்றல் பாணி’ என்னும் கருத்து பெரிதும் பேசப்படுகிறது. நீல் ஃபிளெமிங், காலீன் மில்ஸ் ஆகியோர் 1992இல் முன்வைத்த ‘வார்க்’ வகைப்பாடு காட்சி, கேள்வி, வாசிப்பும் எழுத்தும், செயல் என நான்கு விருப்ப முறைகளைச் சுட்டுகிறது. வினாநிரல் வழி மாணவரின் பாணியை அறிந்து, அதற்கேற்பக் கற்பித்தால் கற்றல் சிறக்கும் என்பது பரவலான நம்பிக்கை. இந்நம்பிக்கை பயிற்றுமொழிச் சிக்கலை மறைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாணிக் கோட்பாட்டின் குறை

இக்கோட்பாட்டுக்குப் போதிய சான்று இல்லை என்பதைப் பாஷ்லரும் பிறரும் 2008இல் விளக்கினர். ஒரு பாணியினருக்கு ஒரு முறையும், வேறு பாணியினருக்கு வேறு முறையும் மிகுந்த பயன் தருவதைச் சோதனை காட்ட வேண்டும். அவ்வாறு அமைந்த ஆய்வுகள் மிகச் சில. அவற்றுள்ளும் சில கோட்பாட்டுக்கு மாறான முடிவையே தந்தன.

பணிமுறைத் தொடர்பாடலை நோக்கினால் இது மேலும் தெளிவாகும். பணிமாற்றத்தின்போது நோயாளியைப் பற்றி எடுத்துரைக்கும் ‘எஸ்பார்’ முறை நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்னும் நான்கு கூறுகளை உடையது. காட்சிவழிக் கற்க விரும்பும் மாணவரும் இதனை வாயால் சொல்லியும் காதால் கேட்டுமே பழக வேண்டும். கற்பிக்கும் முறையைக் கற்கும் பொருளே தீர்மானிக்கிறது.

மறைக்கப்படும் மொழித்தடை

தமிழ்நாட்டில் செவிலியப் பட்டப்படிப்பின் பயிற்றுமொழி ஆங்கிலம். தமிழ்வழிப் பள்ளியில் பயின்று வந்த மாணவர், விரிவுரையைவிடப் படமே எளிது எனக் குறிக்கக்கூடும். வினாநிரல் அவரைக் ‘காட்சிவழிக் கற்பவர்’ என்று வகைப்படுத்தும். அதனை நம்பும் ஆசிரியர் படங்களைக் கூட்டுவார்; மொழித்தடை அப்படியே நிற்கும்.

இதன் விளைவு வகுப்பறையோடு முடிவதில்லை. குறிப்பேட்டை ஆங்கிலத்தில் எழுதும் செவிலியர் நோயாளியிடம் தமிழில் பேசுகிறார். தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில், காலை உணவுக்கு அரை மணி நேரமாவது முன்னதாக உட்கொள்ள வேண்டும். ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று மட்டும் சொன்னால், உண்ண அமரும்போது விழுங்குவதும் சரியே என நோயாளி கொள்வார். கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்தால் இப்பிழை அங்கேயே வெளிப்படும். அதற்குச் செவிலியருக்குத் தமிழிலும் பயிற்சி வேண்டும்.

முடிவுரை

கற்பவரிடையே வேறுபாடுகள் உண்டு. அவற்றுள் முன்னறிவும் மொழித்திறனும் கற்பித்தலில் முதன்மையாகக் கருதத்தக்கன. பாணி வினாநிரலுக்குச் செலவிடும் நேரத்தைப் பணிமாற்ற உரையையும் நோயாளிக்கான விளக்கத்தையும் இரு மொழிகளிலும் பயிற்றுவதற்குச் செலவிடுவது தகும். அவ்வுரையாடலுக்குரிய தமிழ்ச் சொற்களை நோயாளியின் பேச்சிலிருந்தே தொகுத்தளிப்பது தமிழாய்வாளரின் கடமையுமாகும்.