சுமக்கும் தூரம்
கனடாவின் ஒன்டாரியோவில் 1893இல் உருவான அல்கோன்குவின் பூங்காவில் குழந்தைகளோடு நான்கைந்து நாள் கேனோ பயணம் போகத் திட்டமிடுகிறவர்கள் துடுப்புப் போடும் தூரத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். பயணத்தைத் தீர்மானிப்பதோ ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் படகைத் தலைமேல் கவிழ்த்துச் சுமக்கும் காட்டுப்பாதை. பூங்காவின் வரைபடம் அந்தப் பாதைகளை மீட்டர் கணக்கில் குறித்திருப்பது எத்தனை கரிசனமான வேலை! மூட்டைகளை இரண்டு நடையாகச் சுமந்தால், நடுவில் வெறுங்கையோடு திரும்புவதையும் சேர்த்து 800 மீட்டர் 2,400 ஆகிவிடும். சாப்பாட்டு மூட்டையிலும் கணக்கு உண்டு: உள்காட்டில் டின்னுக்கும் புட்டிக்கும் தடை என்பதால் அரிசியும் பருப்பும்தான் துணை. இப்படி எல்லாவற்றையும் அளந்துவைத்தால் சாகசம் போய்விடாதா என்பார்கள் சிலர். ஆனால் பெரிய ஏரியில் காற்றெழுந்து அலை புரளும்போது, அவசரப்படாமல் கரையொதுங்கி, லூன் பறவையின் குரலைப் பிள்ளைகளோடு கேட்டிருக்க முடிவது, திட்டத்தில் சும்மா விட்டுவைத்த ஒரு நாளால்தான்.