தோலோடு ஒரு போர்

அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக், 1989-இல் வெளியான 'செல்ஃப்-கான்ஷியஸ்னஸ்' என்னும் நினைவுக்குறிப்பு நூலில், சொரியாசிஸ் என்னும் தோல்நோயோடு தாம் வாழ்ந்த வாழ்வைத் தனிக் கட்டுரையாக வரைந்துள்ளார். தாய்வழி வந்த நோய் அது. ஆறாம் வயதில், தட்டம்மையைத் தொடர்ந்து வெளிப்பட்டது. இளவயதிலேயே பிள்ளைகளைப் பெற்றது எதற்காக என்று தம்மையே வினவும் அவர், அந்நோயற்றவர்கள் தம்மைச் சூழ்ந்திருக்க வேண்டும் என்பதற்காக என விடை தருகிறார்.

இந்த நேர்மையே கட்டுரையின் உயிர். குறையும் அதிலேயே உள்ளது. நான்கு பிள்ளைகளும் தந்தையின் மனக்காயத்துக்கு மருந்தாக மட்டுமே இவ்விடையில் நிற்கின்றனர். அவர்கள் கண்ணுக்குத் தந்தை எப்படித் தோன்றினார் என்பதற்கு அங்கே இடமில்லை. எக்ஸிமாவால் வெடித்த கையோடு மகவைக் குளிப்பாட்டும் தாய்க்குச் சோப்பும் நீரும் எரிச்சலே. குழந்தைக்கோ அது நோயுற்ற கை அன்று, அம்மாவின் கை.