பதினான்கு நாள் நாடோடிகள்

'நாடோடி' என்கிற சொல்மீது சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கு ஒரு தீராத மயக்கம் உண்டு. டெலூஸும் கத்தாரியும் 1980-ல் எழுதிய 'ஆயிரம் பீடபூமிகள்' நூலின் நாடோடியியல் பகுதி இங்கே அரைகுறைச் சுருக்கங்களாக வந்து சேர்ந்தபோது கிறங்கிப் போனவர்களில் நானும் ஒருத்தன். பாலைவனம் வழவழப்பான வெளி, நகரம் கோடு கிழித்துக் கட்டம் போட்ட வெளி, நாடோடி கட்டத்துக்குள் அடங்காதவன், அரசுக்கு வெளியே நிற்பவன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஊர்க்கோடியில் கூடாரம் போட்டிருந்த நிஜ நாடோடியைப் போலீஸ் விரட்டியபோது நாம் எங்கே இருந்தோம் என்பது வேறு கதை.

உலகத்தின் பெரும் பணக்கார நாட்டில், அசலான பாலைவனத்தில், தங்களைத் தாங்களே நாடோடிகள் என்று அழைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கூடுகிறார்கள். இந்தக் கோட்பாட்டை அவர்கள்மேல் உரசிப் பார்த்தால் என்ன நிற்கும், என்ன உதிரும் என்பதுதான் இங்கே விஷயம்.

அரிசோனா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் குவார்ட்ஸைட் என்றொரு ஊர். 10-ம் எண் நெடுஞ்சாலையும் 95-ம் எண் சாலையும் வெட்டிக்கொள்கிற இடம். 2020 கணக்கெடுப்பில் சுமார் 2,400 பேர். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும், தெருவில் நாய்கூட இருக்காது. அக்டோபர் தாண்டியதும் வடக்கே பனி விழத் தொடங்க, ஆர்.வி. எனப்படும் வண்டிவீடுகள் வரிசைகட்டி இறங்குகின்றன. ஜனவரியில் ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வண்டிகள்தான். பகலில் இதமான வெயில், இரவில் விரல் விறைக்கிற குளிர். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே திருவிழாக் கூட்டம். கிட்டப் போனால் வர்க்கம் தெரியும். பஸ் அளவுக்கு நீண்ட, உள்ளேயே துணி துவைக்கும் எந்திரம் வைத்த வண்டிக்காரருக்கு வடக்கே சொந்த வீடு இருக்கிறது. குளிருக்குப் பயந்து வந்த 'பனிப்பறவை' அவர். அவருக்கு நாலு வண்டி தள்ளி, பழைய வேனில் பின்சீட்டைக் கழற்றி மெத்தை போட்டுப் படுத்திருக்கும் எழுபது வயதுப் பெண்மணிக்கு அந்த வேனைத் தவிர வேறொன்றுமில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வானம், ஒரே கள்ளிச்செடி. இரண்டு பேரும் 'கேம்ப்' போட்டிருக்கிறார்கள்.

இந்தச் சொல்லில் ஒரு நிமிஷம் நிற்கலாம்.

அந்தப் பாலைவனம் பெரும்பாலும் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தம். பொதுவான விதி இது: 28 நாளுக்குள் 14 நாள்வரை இலவசமாகத் தங்கலாம், அப்புறம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பல மைல் தள்ளிப் போய்விட வேண்டும். கூடுதலாகத் தங்க விரும்புவோருக்கென்று 1983-ல் நீண்டகாலத் தங்கல் பகுதிகள் ஏற்படுத்தப்பட்டன. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதத்துக்கு ஓர் அனுமதி அட்டை. அதன் கட்டணம் பல ஆண்டுகள் 180 டாலராக இருந்தது. மலிவுதான். ஆனால் இலவசமோ கட்டணமோ, இரண்டுக்கும் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: நீ பொழுதுபோக்க வந்திருக்க வேண்டும், குடியிருக்க வந்திருக்கக் கூடாது. பொது நிலத்தைக் குடியிருப்பாக்கினால் அது அத்துமீறல். ஆக, வீடில்லாமல் வந்தவர் சுற்றுலாப் பயணியாக வேஷம் கட்டினால்தான் அங்கே இருக்க முடியும். மடக்கு நாற்காலியைப் போட்டு வெயில் காய வேண்டும். உல்லாசம் அவருக்கு உரிமம்.

டெலூஸ் - கத்தாரி இருவரும் இதை யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அரசு வழவழப்பான வெளியையும் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். நம்மவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிட்டோம், அவ்வளவுதான். குவார்ட்ஸைட்டில் நகர்தல் என்பது கட்டத்தை மீறுவதல்ல. அரசு போட்ட கடிகாரம் அடித்ததும் நகர்தல்.

ஜெசிக்கா புரூடர் 2014-ல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, ஓய்வுக்காலம் என்கிற ஏற்பாடே முடிந்துபோனதைப் பற்றியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 2017-ல் வந்த 'நோமேட்லேண்ட்' புத்தகம். 2008 நிதிச் சரிவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியவர்கள் வண்டியில் ஏறியதை, தானும் ஒரு வேனில் அவர்களோடு வாழ்ந்து அவர் எழுதினார். அவர்களில் பெண்கள் கணிசம். அங்கே ஓய்வூதியம் வாழ்நாளில் அதிகம் சம்பாதித்த 35 ஆண்டுகளின் கூலியைச் சராசரி பார்த்துக் கணக்கிடப்படுகிறது. பிள்ளை வளர்த்த வருஷம், மாமியாரைக் கவனித்த வருஷம் எல்லாம் அந்தக் கணக்கில் சைபர். சமைத்துக் கொட்டிய கைகளுக்குக் கிழப்பருவத்தில் கிடைக்கிற தொகையில் வாடகை கொடுத்தால் சோறில்லை, சோறு தின்றால் வாடகையில்லை. அதனால்தான் வேன்.

அமேசான் 2008-ல் 'கேம்பர்ஃபோர்ஸ்' என்றொரு திட்டம் தொடங்கியது. பண்டிகைக்கால நெரிசலுக்குக் கிட்டங்கிகளில் வேலை செய்ய வண்டிவாசிகளை அழைத்தது. அறுபது, எழுபது வயதுக்காரர்கள் சிமெண்ட் தரையில் நாளெல்லாம் மைல்கணக்கில் நடந்து பொருள் எடுத்தார்கள். வலிமாத்திரை இலவசமாக உதிர்கிற பெட்டிகள் சுவரில் மாட்டியிருந்ததை புரூடர் பதிவு செய்கிறார். வண்டி நிறுத்துமிடத்தின் வாடகை கம்பெனி செலவு. வீடு, கக்கூஸ், அடுப்பு, கம்பளி எல்லாம் தொழிலாளியின் செலவு. உழைப்புச் சக்தியை மறுஉற்பத்தி செய்ய ஆகும் செலவு என்று மார்க்ஸ் சொன்னது இங்கே அப்படியே தொழிலாளியின் தலையில் இறங்குகிறது. தேயிலைத் தோட்டத் துரைகூட ஒழுகுகிற லயத்தையாவது கட்டித்தர வேண்டியிருந்தது. இங்கே கூலிக்காரரே தன் லயத்தை ஓட்டிக்கொண்டு வந்து, சீசன் முடிந்ததும் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். இந்த வேலைமுறைக்கு அங்கே ஒரு பெயரும் உண்டு. 'வேலை' என்ற சொல்லையும் 'கேம்ப்' என்ற சொல்லையும் ஒட்டுப்போட்டு 'ஒர்க்கேம்பிங்' என்கிறார்கள். கூலியிலும் உல்லாச வாசனை அடிக்க வேண்டுமில்லையா?

குளோயி ஜாவோவின் படம் 2020-ல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது. 2021-ல் சிறந்த படம், இயக்குநர், நடிகை என மூன்று ஆஸ்கர். படத்தை முற்றாக நிராகரிக்க நான் தயாரில்லை. நிஜ நாடோடிகள் தங்கள் முகத்தோடும் சுருக்கங்களோடும் தாங்களாகவே வந்து பேசுகிறார்கள். ஹாலிவுட்டில் முதுமைக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததே அபூர்வம். ஆனால் படம் செய்கிற ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். நெவாடாவில் எம்பயர் என்ற ஊர், 2011-ல் ஜிப்சம் ஆலை மூடப்பட்டதும் அஞ்சல் குறியீட்டு எண்ணைக்கூட இழந்த ஊர், அங்கிருந்து கதாநாயகி ஃபெர்ன் கிளம்புகிறாள். அதுவரை பொருளாதாரம். அதற்கப்புறம் படம் அவளுக்கு இரண்டு தடவை வீடு தருகிறது. தங்கை வீடு ஒன்று, நேசிக்கிற ஆணின் மகன் வீடு ஒன்று. இரண்டையும் மறுத்து அவள் வண்டியேறுகிறாள். இந்த மறுப்புகளோடு நிர்ப்பந்தம் சுபாவமாக மாறிவிடுகிறது. வீடு இல்லாமை இழவுத்துக்கமாக, தனிமையின் கவிதையாக, மேற்குத் திசையின் சூரிய அஸ்தமனமாக ஆகிவிடுகிறது. அமேசான் கிட்டங்கி, தோழிகள் கிடைக்கிற ஓர் இடமாக வந்து போகிறது. புத்தகத்தில் இருந்த கோபம் படத்தில் சோகமாகக் காய்ச்சி வடிக்கப்பட்டிருக்கிறது. சோகத்துக்கு விருது கொடுப்பது சுலபம்.

வீட்டைத்தான் இழந்தோம், இல்லத்தை அல்ல என்கிற மாதிரியான ஒரு வாதத்தைப் படத்திலும் வண்டிவாசிகளிடமும் கேட்கிறோம். நம் மொழியிலோ வீடு என்ற சொல்லுக்கே விடுபடுதல் என்ற பொருள் உண்டு. அறம், பொருள், இன்பம் எல்லாம் முடிந்து கடைசியில் வருவது வீடு. இதை வைத்துக்கொண்டு ஒரு சாமர்த்தியமான கட்டுரை எழுதிவிடலாம். எழுத மனசு வரவில்லை. காரணம், ஒரேகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்கிற சிறுநகரம்.

அந்த நகராட்சி பொது இடத்தில் 'கேம்ப்' போடுவதைத் தடை செய்தது. ஒரு கம்பளியைத் தரையில் விரித்துப் படுத்தாலே அது கேம்ப். அபராதம் 295 டாலர். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2024 ஜூனில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகராட்சிக்குச் சாதகமான தீர்ப்பு. படுக்க வேறு இடமில்லாதவரைப் படுத்ததற்காகத் தண்டிப்பது கொடூரத் தண்டனை ஆகாது என்றாகிவிட்டது. பாலைவனத்தில் 'கேம்ப்' போட்டால் பொழுதுபோக்கு, பூங்காவில் 'கேம்ப்' போட்டால் குற்றம். இரண்டு இடத்திலும் ஆள் ஒருவராகவே இருக்கலாம். அவரை நாடோடி ஆக்குவதும் வீடற்றவர் ஆக்குவதும் அவர் கையில் ஸ்டியரிங் இருக்கிறதா என்பதுதான்.

தோலின் நிறமும்தான். குவார்ட்ஸைட்டில் கூடுகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். புரூடரே இதை எழுப்புகிறார். இருட்டில், தெரியாத ஊரின் ஓரத்தில், திரை போட்ட வேனுக்குள் ஒரு கறுப்பு இளைஞன் படுத்திருக்க, போலீஸ் டார்ச் அடித்துக் கதவைத் தட்டினால் என்ன நடக்கும்? 'சும்மா வெயில் காய வந்தேன்' என்கிற வேஷம் எல்லா உடம்புக்கும் பொருந்துவதில்லை. வெள்ளை வறுமைக்கு மட்டும் சாகசம் என்ற பெயர் கிடைக்கிறது.

அது வெற்று நிலமும் இல்லை. வடக்கே சில மைல் தூரத்தில் கொலராடோ நதி இந்தியப் பழங்குடிகளின் ஒதுக்கீட்டு நிலம். 1865-ல் கோடு கிழித்தார்கள். மோஹாவே, செமெஹுவேவி மக்களுக்கென்று சொல்லி, பிறகு ஹோப்பி, நவாஹோ மக்களையும் கொண்டுவந்து குடியேற்றினார்கள். 1942-ல் அதே நிலத்தில், பழங்குடி மன்றம் எதிர்த்தும் கேட்காமல், போஸ்டன் என்ற இடத்தில் தடுப்பு முகாம் கட்டி 17,000-க்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை 1945 வரை அடைத்தார்கள். அதற்கும் 'கேம்ப்' என்றுதான் பெயர். குவார்ட்ஸைட் இடுகாட்டில் உச்சியில் ஒட்டகம் நிற்கிற ஒரு கல் பிரமிடு இருக்கிறது. 1856-ல் அமெரிக்க ராணுவத்தின் ஒட்டகப் பரிசோதனைக்காகக் கப்பலில் வந்த ஹாஜி அலியின் சமாதி. பாலைவனம் தெரிந்த மனுஷன். அவர் பெயர் அந்த வாயில் நுழையாமல் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது. 1902-ல் செத்தார், 1935-ல் நெடுஞ்சாலைத் துறை பிரமிடு கட்டியது. இன்று வண்டிவாசிகள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நமக்கும் இந்தச் சொல் புதிதில்லை. தாசில்தார் 'கேம்ப்' போயிருக்கிறார் என்றால் அதிகாரம் ஊர் சுற்றுகிறது என்று பொருள். ஈழத்திலிருந்து வந்த சனங்கள் 'கேம்ப்ல இருக்காங்க' என்றால் அசைய முடியாது என்று பொருள். அகம்பெனை யாரும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். மண்டபத்துக்குப் போய் வந்தால் போதும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்த மக்களை ஏமாளிகள் என்று முடித்துவிட முடியாது. அப்படி முடிக்கிற விமர்சனம் நம்மிடம் ஏராளம். பாப் வெல்ஸ் என்பவர் 1995-ல் மணமுறிவுக்குப் பிறகு வாடகை கட்ட வழியில்லாமல், அலாஸ்காவில் ஒரு பழைய சரக்கு வண்டிக்குள் குடியேறியவர். 2010-ல் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் 'ரப்பர் டிராம்ப் ராண்டேவூ' என்ற கூடுகையைத் தொடங்கினார். சில டஜன் வண்டிகளோடு ஆரம்பித்து, பத்தாண்டுக்குள் ஆயிரக்கணக்கில் பெருகியது. ஆரம்பத்தில் இரண்டு வாரம் நடக்கும். அதாவது பதினான்கு நாள் சட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த திருவிழா. அங்கே என்ன பாடம்? ஐந்து காலன் வாளியைக் கக்கூஸாக்குவது எப்படி, சூரியத் தகடு பொருத்துவது எப்படி, நகரத்தில் யார் கண்ணிலும் படாமல் வண்டியை நிறுத்தி உறங்குவது எப்படி. வேண்டாததைப் போட்டுவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ள ஓர் இலவசக் குவியல். ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேச்சு. வீட்டை இழந்தது உன் தப்பு என்று நாடே சொல்லிக்கொண்டிருக்கும்போது, அந்த வெட்கத்தை இறக்கி வைக்க ஓர் இடம். இதை நுண்ணரசியல் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் இதே திறமைதான், எதுவுமில்லாமல் வாழப் பழகிய இதே உடம்புதான், மலிவான சீசன் கூலியாகக் கிட்டங்கிக்கும் தேவைப்பட்டது. பரஸ்பர உதவி எந்த இடத்தில் முதலாளிக்குக் கொடுக்கிற மானியமாக மாறுகிறது என்பதை இயக்கத்தில் இருக்கிற தோழர்கள்தான் பேச வேண்டும். எனக்கு விடை தெரியவில்லை. அங்கே சங்கம் எதுவும் எழவில்லை என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். ஜனவரியில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் பிப்ரவரியில் நாலு மாநிலத்துக்குச் சிதறுகிறார்கள். எந்த ஆலை வாசலில் கொடி நடுவது?

அரசை விட்டு விலகுவதும் முழுசாக நடப்பதில்லை. முகவரி இல்லாமல் ஓட்டுநர் உரிமம் இல்லை, காப்பீடு இல்லை, ஓட்டு இல்லை. 1978-ல் தொடங்கிய 'எஸ்கேபீஸ்' என்கிற வண்டிவாசிகள் சங்கம் டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் உறுப்பினர்களுக்கு அஞ்சல் முகவரி தருகிறது. சங்கத்தின் பெயர் தப்பியோடியவர்கள் என்று ஒலிக்கிறது. வேலை முகவரி கொடுப்பது. தெற்கு டகோட்டாவில் ஓர் இரவு தங்கிய ரசீதைக் காட்டி உரிமம் வாங்க முடிந்தது. 2023-ல் வாக்காளர் பதிவுக்கு முப்பது நாள் வாசம் வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். லிவிங்ஸ்டனிலேயே இன்னொரு ஏற்பாடும் உண்டு: இனி ஓட்ட முடியாத முதியவர்கள் தங்கள் வண்டியை நிறுத்தி அதிலேயே இருந்துகொள்ள, சாப்பாடும் கவனிப்பும் தருகிற ஒரு பராமரிப்பு நிலையம். நாடோடிகள் தாங்களே கட்டிக்கொண்டது. எனக்கு இந்த மொத்த விஷயத்திலும் படத்தைவிட, பிரமிடைவிட மனசில் நிற்பது இதுதான். சக்கரம் ஓடாத வண்டிகளின் வரிசை, பக்கத்தில் ஒரு பொதுச் சமையலறை.

ஏப்ரல் 15 அன்று பாலைவன அட்டை காலாவதியாகிறது. வெயில் ஏறத் தொடங்கும். பெட்ரோலுக்குக் காசு இருப்பவர்கள் வடக்கே மலைக்காடுகளுக்கும், முகாம் மைதானங்களில் கக்கூஸ் கழுவுகிற கோடை வேலைக்கும் கிளம்புகிறார்கள். எல்லையைத் தாண்டிக் கலிபோர்னியாவில், நைலண்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஸ்லாப் சிட்டி இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து 'கேம்ப் டன்லப்' ராணுவத் தளம் கலைக்கப்பட்டு, வெறும் சிமெண்ட் தளங்கள் மட்டும் மிஞ்சிய இடம். தண்ணீர்க் குழாய் இல்லை, மின்சாரம் இல்லை, வாடகையும் இல்லை. அங்கேயும் குளிர்காலத்துக் கூட்டம் ஏப்ரலில் கலைந்துவிடும். வண்டி கிளம்பாதவர்கள் மட்டும் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தத் தளங்களில் கோடையைக் கழிக்கிறார்கள்.