‘மீன்வகை’ என்னும் பொருள்விளக்கம்: சிந்தாதிரிப்பேட்டைச் சந்தைச் சொற்களை முன்வைத்து

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936, பின்னிணைப்பு 1939) மீன்பெயர்களை விளக்கும் முறையில் ஒரு சமனின்மை காணப்படுகிறது. ஆங்கில விளக்கம் பல இடங்களில் மீனின் நிறம், நீளம், விலங்கியற்பெயர் ஆகியவற்றைத் தருகிறது; தமிழ் விளக்கமோ பெரும்பாலும் ‘மீன்வகை’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. தமிழ்ச்சொல்லின் பொருளைத் தமிழ்வழி அறிய முயல்வோர்க்கு இதனாற் பயன் இல்லை. இப்பெயர்கள் இயற்கையைக் கூர்ந்து நோக்கியோர் இட்டவை ஆதலின் இவ்விழப்புச் சிறிதன்று.

1734இல் நெசவாளர் குடியிருப்பாக உருவான சிந்தாதிரிப்பேட்டை இன்று மீன்சந்தைக்குப் பெயர்பெற்றது. அங்கு வழங்கும் ‘வவ்வால்’ என்னும் பெயரைக் காண்க. வெள்ளை வவ்வாலும் கறுப்பு வவ்வாலும் விலங்கியலில் வெவ்வேறு குடும்பத்தன. பின்னது பாறை மீன்களின் குடும்பத்தைச் சார்ந்தது. ஆயினும் தட்டையாக அகன்ற உடலும் சிறகென நீண்ட துடுப்புகளும் கண்டு தமிழ் இரண்டையும் ஒருபெயரால் அழைக்கிறது. இதனைப் பிழையெனத் தள்ளலாகாது. வடிவை முதன்மையாகக் கொண்ட வகைப்பாடு இது. ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய் என்னும் இணையில் முன்னது கூர்ந்து நீண்ட உடலாலும், பின்னது உடலினுள் அமைந்த ஓட்டாலும் பெயர்பெறுகின்றன. பின்னதன் பெயர், மீனை அறுத்துப் பார்த்தோரின் அறிவைக் காட்டுவது.

பொருள்விளக்கக் குறைபாடு இலக்கிய வாசிப்பையும் பாதிக்கிறது. ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகைப் பாடலில் (8) வயலோர மாமரத்தினின்று உதிரும் கனியை வாளை பற்றுகிறது. இது மருதத்து நன்னீர் வாளை. அகன்ற வாயுடைய, இரைபிடித்துண்ணும் மீன். கடற்கரைச் சந்தைகளில் வாளை எனப்படுவதோ வெள்ளி நாடாபோல் நீண்ட கடல்மீன். இவ்விரண்டையும் ‘மீன்வகை’ என்னும் ஒரே சொல்லால் விளக்கினால், சந்தையில் வாளையைக் கண்ட மாணவர் கடல்மீனையே வயலுக்குள் கற்பனை செய்ய நேரும். தானே வரும் தலைவனைப் பரத்தை எளிதிற் பெறுதற்கு உள்ளுறையாக, முயற்சியின்றி இரைபெறும் அம்மீனின் பொருத்தமும் மங்கிவிடும்.

விலங்கியற்பெயர் இருப்பதே போதும் என்று வாதிடலாம். அது மீனை அடையாளங்காட்டும். தமிழர் அம்மீனில் எதனைக் கண்டு பெயரிட்டனர் என்பதைக் காட்டாது. வடிவு, நிறம், வாழிடம், வட்டார வழக்கு ஆகிய நான்கையும் தமிழிலேயே தரும் பதிவுமுறை அகராதித் திருத்தப் பணிகளில் இடம்பெறுதல் வேண்டும். அதற்கான தரவுகளை மீன்விற்கும் பெண்களிடமும் கடலோடிகளிடமும் இன்றே திரட்ட இயலும்.