முயலும் பாம்பும் போன மணல்

சாவகச்சேரிக்காரருக்கு மணல்வெளி தூரமில்லை. கொடிகாமம், வரணி தாண்டி வடமராட்சியில் இறங்கினால் குடத்தனை, அப்பால் மணற்காடு. வெள்ளெனப் போங்கள். காற்று எழும்ப முன்னம் போனால்தான் இரவு நடந்தது அழியாமல் கிடக்கும்.

முதலில் முயலின் அடியைத் தேடுங்கள். சின்ன அடி இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். பெரிய அடி இரண்டு பக்கத்துப் பக்கத்தில். பெரியவை பின்னங்கால்கள். பாயும்போது அவை முன்னங்கால்களைத் தாண்டி முன்னே விழும். ஆகவே பெரிய அடி இருக்கும் பக்கமே முயல் போன பக்கம். புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாக வாசிப்பார்கள். ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி குறைவென்றால் மேய்ந்திருக்கிறது. திடீரென்று கூடினால் எதற்கோ வெருண்டிருக்கிறது. எதற்கு என்று சுற்றிவரப் பாருங்கள்.

சாரை போன தடம் அலையலையாக ஒரே கோடாக ஓடும். சுருட்டை விரியன் பக்கவாட்டில் உடம்பை எறிந்து போவதால், ஒன்றையொன்று தொடாத சரிந்த கோடுகளை விட்டுச் செல்லும். ஆனால் சுருட்டை முயலுக்கு எமன் அல்ல. ஒரு முழத்துக்குள் அடங்கும் அதற்குத் தேளும் பூரானும் பல்லியும் போதும். வளர்ந்த முயலை விழுங்க வெங்கிணாந்தி வேண்டும். சாரை, நாகம், கண்ணாடி விரியனுக்கெல்லாம் குட்டிதான் இரை.

பாம்பைக் கண்டால் விலகி நில்லுங்கள். முகமாலைப் பக்கம் மிதிவெடிப் பலகை உள்ள இடத்தில் கால் வைக்கவே வேண்டாம்.

பாம்புக்கு இரையாகும் அந்த முயல் குட்டியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கூட்டில் வளர்க்கும் முயல் மயிரில்லாத, கண் திறவாத குட்டி போடும். காட்டு முயலுக்கு வளை கிடையாது. அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் வெட்டவெளியில் பிறக்கிறது. தாய் பக்கத்தில் இருக்காது. பொழுதுபட்ட பிறகு வந்து, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். அது தாயின் கல்நெஞ்சம் அல்ல. நாக்கை நீட்டி மணம் பிடித்து வரும் பாம்புக்குத் தாயின் நடமாட்டமே வழிகாட்டி.

ஒருநாள் காலை இராவணன் மீசைப் புல்லடியில் கைப்பிடியளவு குட்டி ஒன்றைக் கண்டேன். காது முதுகோடு ஒட்டியிருந்தது. விலாமட்டும் துடித்தது. இரண்டு முழம் தள்ளி ஒரு சாரை வந்து தலையைத் தூக்கி, நாக்கை நீட்டி நீட்டி நின்றது. கலைத்துவிடக் கை பரபரத்தது; அடக்கிக்கொண்டேன். சாரைக்கும் பசிதானே. குட்டி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஓடியிருந்தால் முடிந்திருக்கும். சாரை தலையைத் தாழ்த்தி அடம்பன் கொடிக்குள் நுழைந்து போனது.

இப்படித் தனியே கிடக்கும் குட்டியைத் தாயில்லாப் பிள்ளை என்று வீட்டுக்குத் தூக்கி வந்துவிடாதீர்கள். மறுநாள் விடிய அதே இடத்துக்குப் போனேன். புல்லடிவரை பெரிய அடிகள் வந்து, திரும்பிப் போயிருந்தன.