பசுமைக்குடிலும் பாடப்புத்தகமும்

உதகைக்கு அருகில் ஒரு சிற்றூரில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற குளிர்காலத்தில் எனக்கு எழுதியிருந்தார். வீட்டுக் கொல்லையில் மரச்சட்டம் நட்டு, பாலித்தீன் தாள் போர்த்தி, எட்டடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள பசுமைக்குடில் ஒன்றை அமைத்து, அதில் குடைமிளகாய் நாற்று விட்டிருந்தாராம். ஒருநாள் விடியற்காலையில் பார்த்தால் நாற்றுகள் வெந்நீர் ஊற்றியது போலக் கறுத்துக் கிடந்தன. ஐயம் கொண்டு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிட்டார். மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் உள்ளே இருந்த வெப்பமானி வெளியே இருந்ததைவிட ஒரு டிகிரி குறைவாகவே காட்டியது. "ஐயா, கூரை போட்ட வீட்டுக்குள் வெட்டவெளியைவிடக் குளிர் என்றால், வகுப்பில் நீங்கள் சொன்னது என்ன ஆயிற்று?" என்று கேட்டிருந்தார்.

கேள்வி நியாயமானது. வகுப்பில் நான் சொன்னது நம் பாடப்புத்தகங்கள் பலவற்றில் உள்ளதுதான். சூரிய ஒளி கண்ணாடி வழியே உள்ளே செல்கிறது. மண்ணும் செடியும் அதை ஏற்றுச் சூடாகி, நீண்ட அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகின்றன. கண்ணாடி அவற்றை வெளியே விடுவதில்லை. ஆகவே வெப்பம் உள்ளே சிறைப்படுகிறது. இதை எழுதினால் தேர்வில் முழு மதிப்பெண் உண்டு. எத்தனையோ விடைத்தாள்களில் நானே அந்த மதிப்பெண்ணைப் போட்டிருக்கிறேன். ஆனால் இந்த விளக்கம் பகல் நேரத்துக்கு ஏறக்குறையத் தவறு. இரவு நேரத்துக்குப் பாதிதான் சரி. இதை நம்பிக் குடில் கட்டியவருக்குக் கைக்காசும் நாற்றும் போயின.

பகலை முதலில் பார்ப்போம். 1909-ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்பியல் அறிஞர் ஆர். டபிள்யூ. வுட் 'ஃபிலசாஃபிக்கல் மேகசின்' இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். கறுப்பு அட்டையால் ஒரே மாதிரியான இரு பெட்டிகள் செய்து, ஒன்றைக் கண்ணாடித் தகட்டாலும் மற்றொன்றை இந்துப்புப் படிகத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இந்துப்பு அகச்சிவப்புக் கதிர்களைத் தாராளமாக வெளியே விட்டுவிடும். பாடப்புத்தகம் சொல்வது சரியானால் அந்தப் பெட்டி குளிர்ந்தே இருக்கவேண்டும். நடந்தது வேறு. இரண்டும் நன்றாகச் சூடேறின. இந்துப்புப் பெட்டி சற்று முந்தியும் நின்றது! சூரிய ஒளியிலேயே உள்ள அகச்சிவப்புப் பகுதியில் ஒரு பங்கைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது, இந்துப்பு தடுப்பதில்லை என்பதே காரணம். அந்த வேற்றுமையை நீக்க, வெயிலை முதலில் ஒரு கண்ணாடித் தகட்டின் வழியே செலுத்திப் பார்த்தார். இரண்டு பெட்டிகளும் ஏறத்தாழ 55° செ. வரை சென்றன, இடையே ஒரு டிகிரி வேறுபாடுகூடத் தெளிவாக இல்லை.

அப்படியானால் குடிலைச் சூடாக்குவது எது? வெட்டவெளியில் மண் சூடானதும் அதன்மேல் உள்ள காற்றும் சூடாகி மேலே எழும்பிப் போய்விடுகிறது. அதன் இடத்துக்குக் குளிர்ந்த காற்று வருகிறது. கூரை போட்டால் இந்த வெப்பச்சலனம் தடைப்படுகிறது. அகச்சிவப்புக் கதிர்களை எளிதில் கடத்தும் மெல்லிய பாலித்தீன் தாள்கூடப் பகலில் கண்ணாடிக்கு இணையாக வேலை செய்வது இதனால்தான். நண்பகலில் கூரைச் சாளரத்தைத் திறந்ததும் வெப்பம் இறங்கிவிடுவதும் இதனால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வுட் செய்த சோதனையைக் காட்டி, "பசுமை இல்ல விளைவே பொய், பூமி வெப்பமாவதும் பொய்" என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அது பிழை. வளிமண்டலத்தில் கரியமில வாயுவும் நீராவியும் அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சுவதை டிண்டால் 1859-இலேயே ஆய்வுக்கூடத்தில் தொடங்கி அளந்து காட்டினார். அந்த விளைவு உண்மை. அதற்கு வைத்த பெயர்தான் பொருத்தமில்லாதது.

இனி இரவுக்கு வருவோம். "உள்ளே சிறைப்பட்ட சூடான காற்று இரவெல்லாம் செடியைக் காக்கும்" என்று பலரும் எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டால் இது எவ்வளவு வெறுமையான நம்பிக்கை என்பது தெரியும். நம் நண்பரின் குடிலின் கொள்ளளவு ஏறத்தாழ 8 கன மீட்டர். உதகையின் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. ஆகவே உள்ளே இருக்கும் காற்றின் எடை ஏழரைக் கிலோவுக்கு மேல் போகாது. அத்தனை காற்றும் 10 டிகிரி குளிர்ந்தால் வெளிவரும் வெப்பம் ஏறத்தாழ 75 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீர் 18 டிகிரி ஆறினால் கிடைப்பதும் இவ்வளவே! ஒரு சொம்பு வெந்நீரை நம்பி ஒரு வீடு இரவைக் கழிக்கமுடியுமா?

மேகமில்லாத இரவில் தரையும் இலையும் வானத்தை நோக்கி இடைவிடாமல் அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டிருக்கின்றன. உயரமான இடத்தில், வறண்ட காற்றில், தெளிந்த வானம் திரும்ப அனுப்புவது மிகக் குறைவு. ஆகவேதான் ஆள் உயரத்தில் வெப்பமானி 2° அல்லது 3° காட்டும்போதே புல்லின்மேல் உறைபனி படிந்துவிடுகிறது. இந்தக் கதிர்களைக் கண்ணாடி தடுத்து, தானே உறிஞ்சிக்கொள்ளும். பாலித்தீனோ பெரும்பகுதியை விட்டுவிடும். செடியைப் பொறுத்தவரை, பாலித்தீன் கூரை இரவில் வானத்துக்குத் திறந்த சாளரம். வெளியே குளிர்ந்துபோகும் இலைக்காவது, மெல்ல அசையும் காற்று மேலிருந்து சற்று வெதுவெதுப்பான காற்றைக் கொண்டுவந்து சேர்க்கிறது. குடிலுக்குள் காற்று அசைவதில்லை. அந்த உதவியும் கிடையாது. பகலில் நமக்கு நன்மை செய்த அசையாத காற்றே இரவில் கெடுதல் செய்கிறது. என் மாணவர் கண்ட ஒரு டிகிரியின் மர்மம் இவ்வளவுதான். தாளின் உட்புறம் பனித்துளிகள் ஒரே படலமாகப் படிந்தால் அந்தத் தண்ணீர் கதிர்களை ஓரளவு தடுக்கும். ஆனால் துளி படியும் அளவுக்குக் குளிர்ந்த பிறகு அல்லவா அந்த உதவி வருகிறது!

இப்போது அவர் கையில் இருந்த வழிகாட்டிக் குறிப்பைப் பார்க்கலாம். 'குறைந்த செலவில் பசுமைக்குடிலைச் சூடாக்கலாம்' என்ற பொருளில் குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களுக்காக எழுதப்பட்டதைத் தமிழாக்கி யாரோ பரப்பியிருக்கிறார்கள். அதில் நல்லதும் உண்டு. குடிலை வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டிச் சாய்ப்பாக அமைக்கச் சொல்வது சரி: ஒரு பக்கத்தின் வெப்ப இழப்பு மிச்சமாகிறது, வெயிலை உண்ட சுவர் இரவில் அதைத் திருப்பித் தருகிறது. திறந்து மூடும் சாளரப் பரப்பு, தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கவேண்டும் என்பதும் சரி. மற்றவைதான் கவலை தருகின்றன.

முதலிடம் மெழுகுவர்த்திக்கு. எரியும் வர்த்திகளின் மேல் மண்தொட்டியைக் கவிழ்த்தால் அது 'வெப்பத்தைப் பெருக்கும்' என்கிறது அந்தக் குறிப்பு. தொட்டி எதையும் பெருக்காது. மேலே எழும் வெப்பத்தைத் தான் வாங்கிப் பக்கவாட்டில் வீசும், அவ்வளவே. ஆற்றல் அழிவின்மை விதி மண்தொட்டிக்காக வளையாது. சிறிய அகல்வடிவ மெழுகுவர்த்தி ஒன்று தருவது 30 முதல் 40 வாட் வெப்பம்.

தேவை எவ்வளவு? நண்பரின் குடிலுக்குச் சுவரும் கூரையுமாக ஏறத்தாழ 19 சதுர மீட்டர் பரப்பு. ஒற்றைக் கண்ணாடியின் ஒரு சதுர மீட்டர் வழியே, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, ஏறத்தாழ 6 வாட் வெப்பம் வெளியேறும்; ஒற்றைப் பாலித்தீனில் சற்றுக் கூடுதல். வெளியே 0°, உள்ளே 6° வேண்டுமானால் 19 × 6 × 6 = 684 வாட். இருபது மெழுகுவர்த்திகள்! ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் எரியும் என்று கொண்டால், பத்து மணி நேர இரவுக்கு ஐம்பது. இதுவா குறைந்த செலவு?

மின் கணப்பு வைத்தால் இரவுக்கு ஏறத்தாழ 7 யூனிட். ஒரு மாதத்துக்கு 200 யூனிட்டுக்கு மேல். வீட்டு மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவதால் இந்தக் கூடுதல் யூனிட்டுகள் மேலடுக்கு விலையில்தான் விழும். மண்ணெண்ணெய் அடுப்பு லிட்டருக்கு 10 யூனிட் அளவு வெப்பம் தரும். கூடவே ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரையும் ஆவியாக உள்ளே விடும். அந்த ஈரத்தில் இலைகளில் பூசணம் பிடிக்கும். இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. காற்றுப் புகாத இடத்தில் எதை எரித்தாலும் கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம். அதற்கு மணமில்லை. மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் விழிக்கவே இல்லை என்ற செய்தியை மலைப்பகுதிகளில் கேள்விப்படாதவர் உண்டா? வீட்டுச் சுவரை ஒட்டிக் குடில் கட்டச் சொல்லிவிட்டு, அதே பக்கத்தில் உள்ளே தீ மூட்டச் சொல்லும் குறிப்பு இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இதை நான் மன்னிக்கமாட்டேன்.

குமிழ்ப் பிளாஸ்டிக் தாளை உள்ளே ஒட்டச் சொல்கிறது. அது பயன் தரும். குமிழில் அடைபட்ட காற்று அசையாது. இழப்பு மூன்றில் ஒரு பங்கு வரை குறையலாம். ஆனால் அதுவும் பாலித்தீனே. தெளிந்த வானத்துக்கு அது பெரிய தடையல்ல. பகலில் வெளிச்சத்தையும் சற்றுக் குறைக்கும்.

தண்ணீரைச் சேமிப்பாகப் பயன்படுத்துவது குறிப்பின் கடைசியில், "சில பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி வைக்கலாம்" என்று ஒரே வாக்கியமாக வருகிறது. இருபது லிட்டர் பாட்டில்கள் 10 டிகிரி குளிர்ந்தால் கால் யூனிட்டுக்கும் குறைவாகவே கிடைக்கும். இங்கிலாந்தில் அதற்கு மேல் எழுதிப் பயனில்லை என்பது உண்மைதான். டிசம்பரில் லண்டனில் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரிதான் ஏறும். பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. அதிலும் பல நாள் மேகமூட்டம். தண்ணீரை எதைக் கொண்டு சூடாக்குவது? உதகையில் அதே நாளில் சூரியன் 55 டிகிரி உயரத்தில் நிற்கிறது. உறைபனி விழும் இரவுக்கு முன்னும் பின்னும் வருபவை பெரும்பாலும் பளிச்சென்ற பகல்கள். அங்கே கடைசி வரியில் இருப்பது இங்கே முதல் வரியில் இருக்கவேண்டும். மொழிபெயர்த்தவர் சொற்களை மாற்றினார். அட்சரேகையை மாற்ற மறந்துவிட்டார்.

200 லிட்டர் பிடிக்கும் பீப்பாய் ஒன்றைக் கறுப்பு வண்ணம் பூசி, தண்ணீர் நிரப்பி, வெயில் படும் இடத்தில் வைத்தால், அது 10 டிகிரி குளிர்வதற்குள் 2.3 யூனிட் வெப்பம் தரும். இரவு முழுவதும் சராசரியாக 200 வாட். இரண்டு பீப்பாய்கள் வைத்தால் 400 வாட். இடத்தை அடைக்குமே என்றால், அவற்றின்மேல் பலகை போட்டு நாற்றுத் தட்டுகளை அதன்மேல் வைக்கலாம். வெப்பம் வேண்டிய இடத்துக்கே போகும். தரை மண்ணும் பகலில் வாங்கியதை இரவில் சிறிது தரும். அதைக் காய்ந்த மண்ணாக விடாமல், மாலையில் அல்லாமல் காலையில் நீர் விட்டு ஈரமாக வைத்திருப்பது நல்லது.

தேவை 684 வாட் அல்லவா, மீதிக்கு என்ன செய்வது என்று கேட்கலாம். மீதியை உண்டாக்கவேண்டாம், போகாமல் தடுத்தால் போதும். பெரிய பசுமைக்குடில்களில் அலுமினியம் கலந்த திரைகளைச் சூரியன் மறைந்ததும் கூரைக்கடியில் இழுத்துவிடுவார்கள். வீட்டுக் குடிலுக்குப் பழைய கம்பளியோ, நெருக்கமாக நெய்த இரட்டை மடிப்புத் துணியோ போதும். கம்பியில் வளையம் கோத்துத் திரைச்சீலை போலக் கூரைக்கு ஒரு சாண் கீழே கட்டவேண்டும். செடி இப்போது வானத்தைப் பார்ப்பதில்லை, துணியைப் பார்க்கிறது. துணிக்கும் தாளுக்கும் இடையே அசையாத காற்று அடுக்கு ஒன்றும் கிடைக்கிறது. பக்கங்களிலும் இடைவெளியின்றித் தொங்கவிட்டால் இழப்பில் 40 விழுக்காடு வரை குறைப்பது எட்டாத காரியமல்ல. 684 வாட் 410 ஆகிறது. இரண்டு பீப்பாய்கள் தருவது ஏறத்தாழ அவ்வளவே! மேகமூட்டமான பகலுக்குப் பின் பீப்பாய் ஆறிக் கிடக்கும். ஆனால் மேகம் நீடிக்கும் இரவில் உறைபனி வருவதும் அரிது.

அப்போதும் கணப்பு வேண்டும் என்போர் வீட்டைச் சூடாக்க வேண்டாம், தட்டைச் சூடாக்கட்டும். நாற்றுத் தட்டுக்கு அடியில் விரிக்கும் மின்பாய் 50 முதல் 100 வாட் வரை எடுக்கும். தட்டின்மேல் இரவில் ஒரு துணிக்கூடாரம் போட்டால் அதுவே போதும்.

இதையெல்லாம் என் மாணவருக்கு எழுதினேன். கம்பளியை இழுத்துவிட்ட பிறகு உள்ளே இருக்கும் வெப்பமானி வெளியே இருப்பதற்குக் கீழே இறங்கவில்லையாம். ஆனால் இரண்டு நாள் காலையில் திரையை விலக்க மறந்துவிட்டாராம். பீப்பாய் குளிர்ந்தே கிடந்தது. வெயில் ஏறியதும் திரை விலகவேண்டும்; இல்லையேல் அடுத்த இரவுக்குச் சேமிப்பு இல்லை. குடைமிளகாயை அவர் மறுபடியும் விதைத்திருக்கிறார். தேர்வில் இந்தக் கேள்விக்கு இனி என்ன எழுதவேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் பத்தாம் வகுப்பு. அதற்கு மட்டும் நான் இன்னும் பதில் எழுதவில்லை.